மூன்று இஞ்சுத் தண்ணீர்

பள்ளிக்கூடத்தில் நடந்த பல் முகாமில், டாக்டரம்மா கயல்விழியின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார்.

"வீட்ல என்ன தண்ணிம்மா குடிக்கிறீங்க?"

அவள் அம்மா தனப்பிரியாவுக்கு அந்தக் கேள்வி பெருமையாகத்தான் காதில் விழுந்தது.

"எங்க ஊட்டு போர்த் தண்ணிதானுங்க. தொள்ளாயிரத்து இருவது அடி. என்ற ஊட்டுக்காரரே போட்டதுங்க. மூணு இஞ்சு வருது."

டாக்டரம்மா வெளியூர்க்காரர். போரில் தண்ணீர் வரத்தை இஞ்சில் அளக்கும் இந்தப் பக்கத்துக் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. "எத்தனை வருஷமா இந்தத் தண்ணி?" என்றார்.

"அஞ்சரை வருசமாங்க. பாப்பாவுக்கு ஒண்ணரை வயசுல குடி வந்தோம்."

கயலுக்கு இப்போது ஏழு வயது. தை மாதம் மேல்வரிசைப் பால்பல் விழுந்து, அதைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்து, புதுப்பல்லுக்காகத் தினமும் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். பல் வந்தது. பாதி இறங்கும்போதே அதில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் இருந்தன, ஈரச் சுவரில் சுண்ணாம்பு திட்டுத் திட்டாகக் காய்ந்த மாதிரி. நடுவில் லேசாக ஒரு பழுப்பு. தனப்பிரியா ஒரு மாதமாக உப்புப் போட்டுத் தேய்த்துவிட்டாள். சரியாக விளக்குவதில்லை என்று ஒருநாள் மகளின் முதுகில் ஒன்று வைக்கவும் செய்தாள்.

"தேய்க்காதீங்க" என்றார் டாக்டரம்மா. "இது மேல ஒட்டின கறை இல்ல. ஈறுக்குள்ள பல்லு உருவாகும்போதே ஆனது. தண்ணில புளோரைடு கூடுதலா இருந்தா இப்படி வரும். முதல்ல தண்ணியைச் சோதிச்சுப் பாருங்க. வீட்ல வேற சின்னப் பிள்ளை இருக்கா?"

"பையன் இருக்கானுங்க. ரெண்டு வயசு. அவனுக்கு இருவது நிமிசம் கொதிக்க வெச்சு, ஆத்தித்தானுங்க குடுக்கறேன்."

"கொதிக்க வச்சா கிருமி சாகும். இது கிருமி இல்லம்மா. தண்ணி சுண்டச் சுண்ட மிச்சத் தண்ணியில இது கூடத்தான் செய்யும்." அவர் மறுபடி பேனாவை எடுத்தார். "பையனுக்கு இப்பத்தான் உள்ளே பெரிய பல்லு உருவாகுற வயசு. அவனுக்கு இன்னும் காலம் இருக்கு. தண்ணியை மாத்துங்க. இதையே ரொம்ப வருஷம் குடிச்சா எலும்புக்கும் ஆகாது."

அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இவளுக்கு இல்லை என்று டாக்டரம்மா சொல்லவில்லை. அதைத் தனப்பிரியாவே வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்கூட்டியில் முன்னால் நின்ற கயல், "அம்மா, என்ற பல்லு எப்ப வெள்ளையாகும்?" என்று இரண்டு தடவை கேட்டாள். தனப்பிரியா ஹெல்மெட்டுக்குள் காது கேட்காத மாதிரி இருந்துகொண்டாள்.

வீடு திருச்செங்கோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். ஈரோட்டு ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் பதினோரு வீடுகள் கொண்ட ஒரே ஒரு தெரு. அதில் கடைசி வீட்டை, மகனோடு இருக்கப் போய்விட்ட சுப்பையன் என்பவரிடமிருந்து வாங்கினார்கள். பின்கட்டில் கல் கட்டிய கிணறு ஒன்று, அறுபதடி. சாவியைக் கையில் கொடுக்கும்போது சுப்பையன், "இந்தக் கெணத்தை மட்டும் உட்றாதீங்க. கோடையில கொறையும், பொறவு ஊறிக்கும். முப்பது வருசம் இதைத்தாங் குடிச்சோம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கிணற்றை விட்டது அவர்கள்தான். மூடச் சொன்னது தனப்பிரியா.

கயல் அப்போது தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். கிணற்றின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை, அதிலும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு மத்தியானம் துணி உலர்த்திவிட்டுத் திரும்பினால், குழந்தை அந்தச் சரிந்த இடத்தில் வயிறு படியக் குனிந்து உள்ளே தவளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு அழுத அழுகையில் தனப்பிரியா கணவனிடம் போனில் சொன்னாள்: "இந்தக் கெணத்தை மூடுனாத்தான் நான் இந்த ஊட்டுல இருப்பேன். இல்லீன்னா எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்."

மோகன்குமாருக்கு அதில் சங்கடம் ஒன்றுமில்லை. அவன் ரிக்கு வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் வருஷத்தில் பத்து மாதம் போர் போடுகிறவன். துளைக்கும் பிட்டு எந்தப் பாறையில் இறங்குகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் என்றால் கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். மழைக்காலத்தில் வடக்கே வேலை நின்று வண்டிகள் ஊர் திரும்பிய ஆடி மாதத்தில், முதலாளியிடம் கேட்டு ஒரு வண்டியைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தினான்.

அறுநூறு அடியில் ஒரு இஞ்சுத் தண்ணீர் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு துளைப்பதை நிறுத்தி ராடைத் தூக்கியிருப்பார்கள். அடுத்தவர் வீடாக இருந்தால் அவனே தூக்கியிருப்பான். சொந்த வீடு என்பதால் விடவில்லை. தொள்ளாயிரத்து இருபதில் பாறை விட்டுக்கொடுத்து, தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீறிட்டது. தெருவே கூடி நின்றது. முதல் கைத்தண்ணீரைக் குடித்துப் பார்த்து ருசி சொல்வது டிரில்லரின் வேலை. அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் தேங்காய் உடைப்பார். அன்றைக்கு இரண்டும் மோகன்குமார்தான். உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சி, வாயில் வைத்திருந்து விழுங்கி, "எளநி!" என்று கத்தினான். போரிலிருந்து வந்த சாம்பல் நிறத் தூள் ஒரு சிறு குன்றாகக் குவிந்திருந்தது. இடித்த கைப்பிடிச் சுவரையும் அந்தத் தூளையும் கிணற்றில் தள்ளி, போதாததற்கு லோடு லோடாக மண்ணும் கொட்டி, வாயில் கான்கிரீட் பலகை போட்டு மூடினார்கள். அதன்மேல் துவைக்கும் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டாள் தனப்பிரியா. அப்பாடா என்று இருந்தது.

தெருவுக்குக் குடிநீர்க் குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அதுவும் முனையிலுள்ள நாலு வீடு பிடித்ததும் நின்றுவிடும். ஆகவே மோகன்குமார் காம்பவுண்டுச் சுவரில் ஓட்டை போட்டு, வெளிப்பக்கம் ஒரு குழாய் வைத்தான். பதினோரு வீட்டுக்கும் அன்றிலிருந்து அதுதான் குடிக்க, சமைக்க. ரிக்குத் தண்ணி என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது.

தனப்பிரியா கல்யாணத்துக்கு முன்பு நூல் மில்லில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். எதையும் ஒன்றுக்கு இரண்டாக அளந்துபார்க்காமல் நம்ப மாட்டாள். அளந்த பிறகும் அளந்ததில் தப்போ என்று யோசிப்பாள். மூன்று பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து, ஒன்றில் மோட்டார்க் குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீர், ஒன்றில் மகன் பூபதிக்காகக் கொதிக்கவைத்த தண்ணீர், ஒன்றில் டவுனில் வாங்கிய கேன் தண்ணீர் என்று நிரப்பி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி நாமக்கல்லில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தாள். எட்டாம் நாள் காகிதம் வந்தது. புளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. போர்த் தண்ணீர் மூன்று புள்ளி ஆறு. கொதித்தது நான்கு புள்ளி நான்கு. கேன், புள்ளி மூன்று.

ஒரு வருஷத்துக்கு மேல். தாய்ப்பாலை மறக்கடித்த நாளிலிருந்து ஒருநாள் தவறாமல், கடிகாரம் பார்த்து இருபது நிமிடம். அக்கறை இல்லாத ஒருத்தி கொதிக்கவைக்காமல் கொடுத்திருந்தால் பிள்ளைக்கு இதைவிடக் குறைவாகத்தான் போயிருக்கும்.

மோகன்குமாருக்குப் போன் செய்தாள். பின்னால் கம்ப்ரசர் ஓடும் சத்தம்.

"பல்லு டாக்டருக்குத் தண்ணியப் பத்தி என்ன தெரியும்?" என்றான்.

"லேப்புலயும் அதையேதானுங்க சொல்றாங்க."

"ஏம்புள்ள, பதினோரு வருசத்துல எத்தனை போர் போட்டிருப்பேன்? ரெண்டாயிரம் இருக்குமா? அத்தனைலயும் மொதல் கைத்தண்ணி நாந்தாங் குடிச்சேன். உப்புன்னா சொல்லுவேன், செவப்புன்னா சொல்லுவேன், நாத்தம்னா சொல்லுவேன். நம்மூட்டுத் தண்ணி எளநி."

"அது ருசியில தெரியாதாமாங்க."

கம்ப்ரசர் சத்தம் மெல்லத் தேய்ந்தது. தள்ளிப்போய் நிற்கிறான் என்று புரிந்தது.

"இதப் பாரு பிரியா. அந்தக் காயிதத்தை எடுத்து உள்ள வெய்யி. ஆடில நான் வாரேன், பேசிக்கலாம். அதுவரைக்கும் வெளியில வாயத் தொறக்காத. அந்தத் தெருக்காரனுகதான் நாலு எடத்துல சொல்லி, ஊர்ல இருக்கற ரெண்டு மாசமும் எனக்குப் போர் புடிச்சுக் குடுக்கறானுக. அவனூட்டுத் தண்ணியே வெசமாமான்னு ஒருத்தன் கெளப்பிட்டான்னா என்ற பொழப்பு முடிஞ்சுது."

"கொழந்தைக்கு?"

"கேன் கீன் என்னமோ பாத்துக்க. தண்ணி சுத்தம் பண்ற மெசினு மட்டும் மாட்டிறாத. ரிக்குக்காரன் ஊட்டுச் செவுத்துல அது தொங்கறதப் பாத்தா, அப்பறம் ஒருத்தன் வந்து சொல்லோணுமா?"

பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. நாலு மாதம்.

தனப்பிரியா நாலு நாளைக்கு ஒருமுறை டவுனுக்குப் போய், இருபது லிட்டர் கேனை ரேஷன் அரிசிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் நிறுத்திக் கொண்டுவந்தாள். தெருவுக்குள் நுழையும்போது முதுகு தானாக நிமிரும். படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கேன். மூடியில் தேதி. கயலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள்: "பாட்டில்ல என்ன தண்ணின்னு யாராச்சுங் கேட்டா ரிக்குத் தண்ணின்னு சொல்லோணும்." கயல் சரியாகக் கற்றுக்கொண்டாள். யாரும் கேட்காதபோதே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வெளிக்குழாய் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. காலை ஐந்தரைக்கு முதல் குடம் வந்து உட்காரும். தண்ணீர் அடியில் விழும்போது கனமாக ஒரு சத்தம், நிரம்ப நிரம்ப மெலிந்து மேலே ஏறும், பிறகு அடுத்த குடம். அந்தச் சத்தம் அவளுக்கு ஐந்து வருஷமாகப் பழக்கம். இப்போது ஒவ்வொன்றும் எந்த வீட்டுக் குடம், அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று மனம் சேர்த்துச் சொன்னது. மொத்தம் எட்டு. பத்து வயதுக்குக் கீழே எட்டுப் பேர். ராசாத்திக்குப் பிறந்தபோது ஒன்பது ஆயிற்று.

ராசாத்தி மூன்றாவது வீடு, தறிக்காரி. சித்திரையில் பெண் குழந்தை. பால் போதவில்லை என்று புட்டிப்பால் கலந்து கொடுத்தாள். பச்சை உடம்புக்காரி வரிசையில் நிற்கக் கூடாது என்று பொன்னாத்தாள் அவளுடைய குடத்தையும் தானே முன்னால் தள்ளிவிடுவாள். பொன்னாத்தாள் எதிர் வீடு. அறுபது வயது. வாய்க்கு வேலை கொடுக்காமல் கையால் வேலை செய்யத் தெரியாதவள்.

"ஏண்டி ராசாத்தி, புள்ளைக்கு என்ன பேரு வெக்கப் போறே?"

"இன்னும் முடிவு பண்ணலைங்கத்தா."

"ரிக்கு ராணின்னு வெய்யி. பொறந்ததுலருந்து இந்தத் தண்ணிதான குடிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். ராசாத்தி ஜன்னலை அண்ணாந்து பார்த்து, "கேட்டீங்களாக்கா?" என்றாள். தனப்பிரியாவும் சிரித்தாள். "தண்ணியை என்ன பண்ணிக் குடுக்கறே ராசாத்தி?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"உங்களாட்டத்தானுங்க்கா. நீங்க பூபதிக்குக் காய்ச்சுனதைப் பாத்திருக்கனல்ல? நான் அரை மணி நேரம் காச்சிருவேன்."

அன்றைக்கு மத்தியானம் தனப்பிரியா மோட்டார்க் குழாயிலிருந்த கேட் வால்வை மூடிவிட்டு, மோட்டார் போய்விட்டது என்று சொன்னாள். வேறு பொய் எதுவும் தோன்றவில்லை. தண்ணீர் வரவில்லை என்றால் எங்காவது வேறு தண்ணீர் தேடுவார்கள் என்று நினைத்தாள். தேடினார்கள். முதல் நாள் ரோட்டைத் தாண்டி ஒரு கோழிப்பண்ணையில் போய்க் கேட்டார்கள். அதுவும் போர்த் தண்ணீர்தான், அது எத்தனை அடியோ. இரண்டாம் நாள் ராசாத்தி இடுப்பில் குடத்தோடு, பிரசவத்தில் போட்ட தையல் வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அங்கிருந்து நடந்து வந்தாள். மூன்றாம் நாள் காலை தெருவே வாசலில் நின்றது.

"அம்மிணி, நீ ஒண்டியா என்ன பண்ணுவே? ஊட்டுக்காரரும் இல்ல. நாங்க சேந்து செரி பண்ணித் தாரோம்" என்றாள் பொன்னாத்தாள். பின்னால் அவள் கையோடு கூட்டிவந்த மோட்டார் மெக்கானிக் கந்தப்பன், பையும் கையுமாக.

கந்தப்பன் சுவிட்சைப் போட்டான். மோட்டார் ஓடியது. அவன் வால்வைத் தொட்டுப் பார்த்தான், தனப்பிரியாவைப் பார்த்தான், வால்வைத் திறந்தான்.

"மோட்டாரு நல்லாத்தானுங்க இருக்குது. யாரோ இதை மூடி வெச்சிருக்காங்க."

"கொழந்தை திருகியிருக்கும்" என்றாள் தனப்பிரியா. பூபதி அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் கைக்கு அந்த வால்வு எட்டவே எட்டாது.

"அடப் படுக்காளிப் பயலே!" என்று பொன்னாத்தாள் அவன் கன்னத்தைக் கிள்ளினாள். வெளியே குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் தொடங்கியது.

அன்றிலிருந்து அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. சொன்னால் கணவன் பிழைப்பு. சொல்லாவிட்டால் அந்தப் புட்டி. வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று ஒருநாள் தோன்றியது. வாங்க வருகிறவர்களுக்கும் ஒரு குழந்தை இருக்கும், அவர்களும் மூன்று இஞ்சா என்று வாயைப் பிளப்பார்கள் என்பதும் கூடவே தோன்றியது. காகிதத்தை எடுத்து எடுத்துப் பார்த்தாள். பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லையோ, பெயர் மாற்றி ஒட்டிவிட்டோமோ என்று, வைகாசியில் இன்னொரு தடவை தண்ணீர் பிடித்துக் கொடுத்துப் பார்த்தாள். மூன்று புள்ளி ஐந்து.

ஆடி இரண்டாம் தேதி மோகன்குமார் வந்தான். கறுத்து, மெலிந்து, பூபதிக்கு ஒரு பொம்மை லாரியோடு. பையை வைக்கப் படுக்கையறைக்குள் போனவன் பீரோ இடுக்கில் சாக்கைப் பார்த்து அவிழ்த்தான்.

"ஏம்புள்ள, இதென்ன சாராயமா, சாக்குல கட்டி வெச்சிருக்கே?"

"நீங்கதான வெளியில தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க."

அவன் சிரிக்கத்தான் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கயலைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னாள். இப்போது மேல்வரிசையில் இரண்டாவது பல்லும் வந்திருந்தது. முதலாவதில் இருந்த அதே கோடுகள், அதே இடத்தில். கயல் அப்பாவுக்குக் காட்டிவிட்டு உதட்டை மூடிக்கொண்டாள். சிரிக்கும்போது கையால் வாயை மறைக்க எப்போதோ அவளே பழகியிருந்தாள்.

மோகன்குமார் கொஞ்ச நேரம் லாரியின் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தான். "என்ற பல்லுந்தான் கறை" என்றான்.

"அது நீங்க போடற பாக்கு."

தனப்பிரியா சமையலறைக்குப் போய் நாலு டம்ளர்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். அடியில் சின்னதாகக் காகிதம் ஒட்டியிருந்தது. எத்தனையோ நாளாக மனதில் செய்துபார்த்த சோதனை.

"ரெண்டு நம்மளுது, ரெண்டு கேனு. குடிச்சுப் பாத்து எது நல்ல தண்ணின்னு சொல்லுங்க. நீங்க சொல்றதை நான் கேட்டுக்கறேன்."

அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தொழில் என்று வந்ததும் முகம் மாறியது. ஒவ்வொன்றாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, விழுங்கினான். முதலாவதைத் தள்ளி வைத்தான். "செத்த தண்ணி." இரண்டாவதைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். மூன்றாவதையும். நாலாவதைத் தள்ளினான். "இது ரெண்டுந்தான் நல்ல தண்ணி. பந்தயம்."

அவள் அவற்றைத் தூக்கி அடியைக் காட்டினாள். இரண்டும் போர்த் தண்ணீர்.

"பாத்தியா?" என்றான் மோகன்குமார். "நான் சொல்லல?"

"நானுந்தானுங்க சொன்னேன்" என்றாள் தனப்பிரியா. "அது ருசியா இருக்குது. அதனாலதான் அஞ்சரை வருசம் குடிச்சோம். உப்பா இருந்திருந்தா அன்னைக்கே துப்பியிருப்பீங்க."

டம்ளரை மறுபடி வாயருகே கொண்டுபோய், குடிக்காமல் வைத்தான். "அறுநூறுலயே நிறுத்தியிருந்தா இப்படி இருக்காதோ என்னவோ" என்றான்.

"கெணத்தை மூடச் சொன்னது நானு."

"அதுக்கு நீ என்ன பண்ணுவே? கொழந்தை உழுந்திருந்தா?" அவன் எழுந்து பின்கட்டுக் கதவு வரை போய்த் திரும்பினான். "ரெண்டாயிரம் போரு, பிரியா. எல்லாத்துலயும் நான் குடிச்சுட்டு நல்லாருக்குதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சின்னச் சின்ன ஊருங்க. வேற தண்ணியே இல்லாத ஊருங்க."

அவள் அதை யோசித்ததே இல்லை. பதினோரு வீட்டைத் தாண்டி அவள் எண்ணம் போனதில்லை.

"வெளியில சொல்லலாமுங்களா?" என்று கேட்டாள்.

"நாளைக்குப் பாப்போம்" என்றான்.

மறுநாள் காலை முதல் குடம் வந்து உட்கார்ந்தபோது அவன் எழுந்திருக்கவில்லை. அல்லது எழுந்தும் போர்வைக்குள் கிடந்தான். தனப்பிரியா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஜன்னலருகே நின்றாள். பொன்னாத்தாளின் குடம். அடுத்தது. அதற்கடுத்தது. பிறகு குறுகலான வாயில் நீர் நுழையும் ஒரு புதுச் சத்தம். எட்டிப் பார்த்தாள். ராசாத்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, புட்டியை நேராகக் குழாயில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"காச்சலையா இன்னைக்கு?" என்று பொன்னாத்தாள் கேட்டாள்.

"கேஸு தீந்துபோச்சுங்கத்தா. ரிக்குத் தண்ணிதான, ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது."

தனப்பிரியா வாசலுக்கு வந்தது அவளுக்கே தெரியவில்லை. கையில் லேப் காகிதம் இருந்தது. அதை எப்போது எடுத்தாள் என்பதும் நினைவில்லை.

"ராசாத்தி, அதைக் கொட்டிரு. காச்சியுங் குடுக்காத. காச்சுனா இன்னும் மோசம்."

பெண்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். புளோரைடு, ஒன்றரை, மூன்று புள்ளி ஆறு, கயலின் பல், வால்வை மூடியது அவள்தான், பூபதி இல்லை. நாலு மாதமாகத் தெரியும் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணைக் காகிதத்தின் மேல் வைத்துக்கொண்டாள்.

குழாய் மூடப்படாமல் தண்ணீர் குடத்துக்கு மேல் வழிந்தது.

"இவளுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள் பொன்னாத்தாள் மெதுவாக. "பாரு, மொகமே செரியில்ல. ஏஞ்சாமி மோகனு! நீ வந்துட்டீன்னு சொன்னாங்களே, எங்க இருக்கறே? உன்ற பொண்டாட்டி என்ன சொல்றான்னு வந்து கேளு."

மோகன்குமார் வாசற்படியில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. ராசாத்தி அவனிடம் திரும்பினாள். புட்டி இன்னும் கையில் இருந்தது.

"ஏனுங்ணா, நீங்க சொல்லுங்க. தண்ணி நல்லாத்தான இருக்குது? நீங்க குடிச்சுப் பாத்துச் சொன்னதுதான?"

அவன் படியிறங்கிக் குழாய்க்கு வந்தான். வழிகிற தண்ணீரில் கையை நீட்டி உள்ளங்கை நிறைய ஏந்தினான். ரெண்டாயிரம் தடவை செய்த காரியம், கை தானாக வாய்க்குப் போனது. உதட்டருகில் நின்றது. எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகி, கை காலியாகும்வரை அப்படியே நின்றான்.

"ருசியில தெரியாது ராசாத்தி" என்றான். "எனக்குத் தெரியல."

ராசாத்தி புட்டியைக் கவிழ்த்தாள். கொட்டியது மண்ணில் பட்டு அவள் பாவாடை ஓரம் நனைந்தது. "நாலு மாசம்" என்றாள், தனப்பிரியாவைப் பார்க்காமல். "எம்புள்ளைக்கு இன்னும் நாலு மாசம் ஆகல."

"அப்ப எங்களை என்ன பண்ணச் சொல்றே சாமி?" என்றாள் பொன்னாத்தாள். இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. "வேற தண்ணிக்கு எங்க போறது?"

மோகன்குமார் திரும்பினான். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். துவைக்கும் கல்லைப் புரட்டித் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு கடப்பாரை கான்கிரீட்டில் விழுந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது. தனப்பிரியா போய்ப் பார்த்தாள். அவன் மண்டியிட்டு, கடப்பாரையால் லேசாகத் தட்டித் தட்டிக் காதைக் கான்கிரீட்டோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உள்ள எடமே இல்ல" என்றான். "தூளும் மண்ணும் முச்சூடும் எறுகிப் பாறையாப் போச்சு. மெசினு எறக்குனா செவுரு கல்லு பேந்து உழுந்துரும். கையாலதான் அள்ளோணும். அறுவது அடி." அவன் கையைப் பார்த்துக்கொண்டான். "அள்ளுனாலும் பழைய தண்ணி வருமோ வராதோ. இத்தனை வருசத்துல ஊத்து எங்க போச்சோ."

"வந்தா சோதிச்சுப் பாத்துக்கலாம்" என்றாள்.

அவன் மறுபடி கடப்பாரையை ஓங்கினான்.

அவள் படுக்கையறைக்குப் போனாள். சாக்கை உருவிப் போட்டுவிட்டுக் கேனை இடுப்பில் இடுக்கி முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். வரிசை கலைந்திருக்கும் என்று நினைத்தாள். கலையவில்லை. பதினோரு வீட்டுக் குடங்களும் முதலில் வைத்த இடத்திலேயே, ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயைப் பார்த்து நின்றன. பாதி நிரம்பியவற்றை யாரும் கொட்டவில்லை. யாரும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

ராசாத்தியின் புட்டியை வாங்கி இரண்டு முறை கழுவி, கேன் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தாள். ராசாத்தி வாங்கிக்கொண்டாள்.

கேனைப் பார்த்ததும் பொன்னாத்தாள் ஒரு சின்னச் சொம்பை எடுத்துக்கொண்டு குழாயடியிலிருந்து கேட்டுக்கு நகர்ந்தாள். அவளுடைய பேரன் ஒருவன் இருக்கிறான், ஆறு வயது. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசை மெல்லத் திரும்பி, தனப்பிரியாவின் எதிரே வந்து நின்றது.

கேனின் மூடியில் முந்தாநாள் தேதி இருந்தது. உள்ளே பன்னிரண்டு லிட்டருக்குமேல் இருக்காது. அடுத்த கேன் வாங்கப் போவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். பின்கட்டில் இரும்பு கல்லில் விழுந்துகொண்டே இருந்தது. தனப்பிரியா டம்ளரைக் கையில் எடுத்தாள். வரிசையின் முனையிலிருந்து கடைசி வரை பார்த்து, எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று மறுபடி எண்ணத் தொடங்கினாள். ஒன்பது வந்தது. தன்னுடைய இரண்டையும் அதில் சேர்த்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, முதலிலிருந்து எண்ணினாள்.